கனடிய இசைப் புகழ் மண்டபம்: யாரை, எந்த அளவுகோலில் சேர்க்கிறார்கள்?

கல்கரிக் கண்ணன்

எல்லோருக்கும் வணக்கம். கனடிய இசைப் புகழ் மண்டபத்தைப் பற்றி ஆற அமரக் கதைக்கலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1978-இல் தொடங்கியது. முதல் ஆண்டு சேர்த்தது இரண்டு பேரை: நடன இசைக்குழு நடத்திய கை லொம்பார்டோ, ஜாஸ் பியானோவில் கொடிகட்டிப் பறந்த ஆஸ்கர் பீட்டர்சன். அடுத்தடுத்து ஹாங்க் ஸ்னோ, பால் ஆங்கா, ஜோனி மிச்சல், நீல் யங், கிளென் கூல்ட் என்று பட்டியல் வளர்ந்தது. 2016 ஜூலை 1, கனடா தினத்தன்று எங்கள் ஊரான கல்கரியில் ஸ்டூடியோ பெல் என்ற பெரிய கட்டடம் திறந்தார்கள். தேசிய இசை மையம் அதில்தான் இருக்கிறது. புகழ் மண்டபமும் அங்கேதான். பக்கத்தில் இருந்த கிங் எட்வர்ட் ஹோட்டல், ஒரு காலத்தில் ப்ளூஸ் பாடகர்கள் வந்து போன இடம், இடிந்துபோகிற நிலையில் இருந்தது. அதன் செங்கற்களைக் கழற்றி எண்ணிட்டு வைத்து, திரும்ப அதே முகப்பைக் கட்டி எழுப்பினார்கள். அந்த உழைப்புக்கே ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

என் கேள்வி பட்டியலைப் பற்றியது. ஒருவரை 'இந்த நாட்டின் இசைக்கலைஞர்' என்று சுவரில் ஏற்ற எது வேண்டும்? பிறப்பா, குடியுரிமையா, விற்பனையா, அமெரிக்காவில் கிடைத்த வெற்றியா? பல ஆண்டுப் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தால் கடைசியாகச் சொன்னதுதான் முதலில் தெரிகிறது. அமெரிக்கா கைதட்டிய பிறகுதான் நாமும் எழுந்து நின்றோமோ என்று தோன்றுகிறது. 2025-இல் ஒரு பெயரை எடுத்தும் விட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் உங்கள் எண்ணங்களைக் கேட்கிறேன்.

வன்னியூரான்

தம்பி, இதை ஒரு ஆள் அந்த முதல் வருசமே கேட்டுவிட்டார். ஸ்டாம்பின் டாம் கானர்ஸ் என்ற பாடகர். கனடிய இசைக்குக் கொடுக்கிற ஜூனோ விருதுகளில் தான் வாங்கியிருந்த ஆறையும் 1978-இல் திருப்பி அனுப்பிவிட்டார். அமெரிக்காவில் குடியேறி, தொழிலையும் அங்கேயே வைத்திருக்கிறவர்களுக்கு எதற்குக் கனடிய விருது என்பது அவருடைய வாதம். அதே வருசம் புகழ் மண்டபத்தில் முதல் ஆளாக லொம்பார்டோ. அவர் ஒன்ராறியோவின் லண்டனில் பிறந்தவர், ஆனால் பேர் எடுத்தது முழுக்க நியூயோர்க்கில், அங்கே வருசப் பிறப்பு இரவு வாசித்து.

நான் வந்த புதிதில் தொழிற்சாலையில் கூட வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் டாமின் பாட்டைத்தான் நாள் முழுக்கப் போடுவார். எனக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆனால் உருளைக்கிழங்கு லொறி ஓட்டுகிறவனையும், சுரங்கத்தில் வேலை செய்கிறவனையும், ஹாக்கி பார்க்கப் போகிற சனத்தையும் பற்றித்தான் இந்த மனுசன் பாடுகிறார் என்பது விளங்கியது. இடது காலால் தரையை ஓங்கி மிதித்துத்தான் தாளம் போடுவார். மேடைப் பலகை உடைகிறது என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்ததால், ஒரு துண்டு ஒட்டுப்பலகையைக் கையோடு கொண்டு திரிந்தார். பூட்ஸ் குதிகால் பட்டுப் பட்டு அந்தப் பலகை சிராய் சிராயாகக் கிளம்பும். 1993-இல் நாட்டுப்புற இசைக்கான புகழ் மண்டபம் கூப்பிட்டபோதும் மாட்டேன் என்று சொல்லிவிட்டார். 2013-இல் இறக்கும் வரைக்கும் கொள்கையை விடவில்லை.

என்னைக் கேட்டால் அவர் சொன்னது முழுக்கச் சரி.

கோவை பாலா

ஐயா, டாம் கானர்ஸ் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் ஜோனி மிச்சலையும் நீல் யங்கையும் வெளியே அனுப்ப வேண்டிவரும். சஸ்காட்செவன் புல்வெளியும் ஒன்ராறியோவின் சிற்றூரும் இல்லாமல் அந்தப் பாடல்கள் வந்திருக்குமா? ஆள் கலிபோர்னியாவில் இருந்தாலும் பாட்டு எங்கிருந்து வருகிறது என்பதுதானே முக்கியம்.

நான் கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ரஷ் என்ற கனடிய ராக் குழுவைக் கேட்டு வளர்ந்தவன். 1994-இல் அவர்களை மண்டபத்தில் சேர்த்தார்கள். அமெரிக்க ராக் மண்டபம் சேர்த்தது 2013-இல்தான். ஆக, 'அமெரிக்கா கைதட்டிய பிறகு' என்பது எல்லா இடத்திலும் பொருந்தவில்லை, கண்ணன்.

இன்னொன்று. அந்தக் குழுவின் கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களில் இருந்து உயிர் தப்பி டொரண்டோ வந்தவர்கள். இன்னோர் உறுப்பினர் அலெக்ஸ் லைஃப்சனின் பெற்றோர் செர்பியாவில் இருந்து வந்தவர்கள். அகதிகளின், குடியேறியவர்களின் பிள்ளைகள் புறநகர்ப் பள்ளிக்கூடத்தில் சந்தித்து உருவாக்கிய குழு அது. டொரண்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகளை மோர்ஸ் தந்தி ஒலியாக்கி, அந்த நீள-குறிலையே தாளமாக வைத்து ஒரு கருவியிசையே செய்திருக்கிறார்கள். ஐந்தைந்தாக ஓடும். நம்ம ஊர் கண்ட நடை தெரிந்தவர்கள் கேட்டால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வெளிநாட்டுப் பயணம் முடிந்து ஊர் திரும்புகிறவனின் மனம் அதில் இருக்கிறது. இதைவிடக் கனடிய இசை வேறு எது?

நிலாமுற்றம்

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்த்தால் நல்லது என்று நினைக்கிறேன்.

ஒன்று: புகழ் மண்டபம் அரசாங்கத்தினுடையது இல்லை. ஜூனோ விருதுகளை நடத்தும் காரஸ் என்ற ஒலிப்பதிவுத் துறை அமைப்புதான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஒலிப்பதிவுத் தொழில் தன் கண்ணால் பார்த்து எழுதுகிற பட்டியல் இது. இசைத்தட்டு விற்றவர்கள் முன்னால் நிற்பதற்கு அதுவே பெரிய காரணம்.

இரண்டு: அந்தத் தொழிலே சட்டத்தின் துணையோடு வளர்ந்தது. 1971-இல் ஏஎம் வானொலிகள் ஒலிபரப்பும் இசையில் 30 விழுக்காடு கனடிய இசையாக இருக்க வேண்டும் என்று, ஒலிபரப்புத் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சி.ஆர்.டி.சி. விதி கொண்டுவந்தது. 1999-இல் ஜனரஞ்சக இசைக்கு அதை 35 ஆக உயர்த்தினார்கள். ஜூனோ என்ற பெயர் வந்ததே சி.ஆர்.டி.சி.யின் முதல் தலைவர் பியேர் ஜூனோவை மனதில் வைத்துத்தான்.

எது கனடியப் பாட்டு என்று முடிவு செய்ய நாலு கேள்வி வைத்தார்கள். இசையமைத்தவர் கனடியரா, பாடியவர் கனடியரா, பதிவு இங்கே நடந்ததா, வரிகளை எழுதியவர் கனடியரா. நாலில் இரண்டுக்கு ஆம் என்று வந்தால் போதும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 1991-இல் பிரையன் ஆடம்ஸின் புது ஆல்பம் இதில் தோற்றது. தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த தயாரிப்பாளர் மட் லாங்கோடு சேர்ந்து எழுதியிருந்தார், பதிவும் வெளிநாட்டில். ஆகவே பாடகர் என்ற ஒரு புள்ளி மட்டும்தான் கிடைத்தது. அதில் இருந்த ஒரு பாட்டு பிரிட்டனில் 16 வாரம் தொடர்ந்து முதலிடத்தில் இருந்தது, அந்த நேரத்தில் சொந்த நாட்டு வானொலிக்கு அது அந்நியப் பாட்டு. பெரிய சண்டையாகி, 1993-இல் விதியைத் திருத்தினார்கள். 2006-இல் அதே ஆடம்ஸைப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள்.

வானொலிக்கு எழுதப்பட்ட விதி இருக்கிறது, சண்டை போட்டுத் திருத்தவும் முடிகிறது. மண்டபத்துக்கு என்ன அளவுகோல் என்பது பார்வையாளருக்குத் தெரிவதே இல்லை. கண்ணனுடைய கேள்விக்கு வேர் அங்கேதான்.

தாளக்கட்டு

நான் பிறந்தது டொரண்டோவின் ஸ்கார்பரோவில். மிருதங்கம் படித்தேன், ராப் கேட்டு வளர்ந்தேன். இந்தப் பட்டியலைப் பார்க்கும்போது எனக்கு உறுத்துவது வேறு.

1984-இல் மூன்று குழுக்களை ஒன்றாகச் சேர்த்தார்கள்: க்ரூ கட்ஸ், டயமண்ட்ஸ், ஃபோர் லாட்ஸ். நல்ல பாடகர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் க்ரூ கட்ஸுக்கு 1954-இல் பேர் வாங்கிக் கொடுத்த பாட்டு கோர்ட்ஸ் என்ற கறுப்பினக் குழுவினுடையது. டயமண்ட்ஸின் 1957 வெற்றிப் பாட்டு கிளேடியோலாஸ் என்ற இன்னொரு கறுப்பினக் குழுவினுடையது. வெள்ளைக் குழுக்கள் திரும்பப் பாடியதும் வானொலி அவர்களுடையதைத்தான் தூக்கிப் போட்டது.

சரி, ராப் இசைக்கு அந்த மண்டபத்தின் கதவு எப்போது திறந்தது? 2024. ஹாலிஃபாக்ஸில் நடந்த விழாவில் மேஸ்ட்ரோ ஃபிரெஷ் வெஸ்ஸைச் சேர்த்தார்கள். அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1989-இல். பிளாட்டினம் அளவுக்கு விற்ற முதல் கனடிய ராப் ஆல்பம் அது. ஜூனோவில் ராப் பிரிவு 1991-இல் தொடங்கியபோது முதல் விருதும் அவருக்குத்தான். அதற்குப் பிறகு 33 வருடம். பாடகி டெபோரா காக்ஸ் 2022-இல் சேர்ந்தபோது, மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். 2022!

இடையில் 1998-இல் வான்கூவரின் ராஸ்கல்ஸ் குழு ராப் விருதை வாங்க மாட்டோம் என்று சொன்னது. அந்த விருதைத் தொலைக்காட்சியில் காட்டாத பகுதியில் வைத்துக் கொடுத்தார்கள் என்பதுதான் காரணம். அடுத்த வருடமே நேரலைக்குக் கொண்டுவந்தார்கள், ராஸ்கல்ஸ் மேடையில் பாடினார்கள், விருதும் வாங்கினார்கள். டாம் கானர்ஸ் திருப்பிக் கொடுத்ததைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ராஸ்கல்ஸ் மறுத்ததைப் பற்றியும் அதே அளவுக்குப் பேச வேண்டும்.

வன்னியூரான்

ராஸ்கல்ஸ் கதை எனக்குப் புதிது, தம்பி. மறுத்துவிட்டுப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்து பாடவும் செய்திருக்கிறார்கள். நல்ல காரியம்.

மொன்றியல் மதி

எல்லோரும் ஆங்கிலக் கனடாவிலேயே நிற்கிறீர்கள். கியூபெக்கில் இருந்து பார்த்தால் இந்த மண்டபம் பக்கத்து வீட்டுக் கொண்டாட்டம் மாதிரித்தான் தெரியும். இங்கே பிரெஞ்சுப் பாடல்களுக்கு 1979-இல் இருந்தே தனி விருது. பாடகர் ஃபெலிக்ஸ் லெக்லேரின் பெயரில் ஃபெலிக்ஸ் விருதுகள். என்னோடு வேலை செய்கிற கியூபெக்காரர்கள் அந்த இரவைத்தான் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பார்கள். கனடிய மண்டபம் 1999-இல் பாடலாசிரியர் லூக் பிளமோந்தொனைச் சேர்த்தது. அப்போது மண்டபத்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது இன்னொருவரைப் பற்றி.

ஆஸ்கர் பீட்டர்சன் மொன்றியலின் லிட்டில் பர்கண்டிப் பகுதியில் பிறந்தவர். ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருக்கள். கறுப்பின ஆண்களில் பலர் ரயிலில் பயணிகளின் பெட்டி தூக்குகிற, படுக்கை விரிக்கிற வேலை பார்த்தார்கள். ஆஸ்கரின் அப்பாவுக்கும் அதுதான் தொழில். அந்த வீட்டில் எல்லாப் பிள்ளைகளும் இசை படிக்க வேண்டும், அது அப்பாவின் கட்டளை. ஆஸ்கர் முதலில் ட்ரம்பெட் ஊதினார். ஏழு வயதில் காசநோய் வந்து மூச்சு பலவீனமானதும் பியானோவுக்கு வந்தார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் அக்கா டெய்சி.

டெய்சி ஸ்வீனி அதோடு நிற்கவில்லை. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குப் பல பத்தாண்டுகள் பியானோ சொல்லிக் கொடுத்தார். இன்னொரு ஜாஸ் மேதையான ஆலிவர் ஜோன்ஸும் அவருடைய மாணவர்தான். 2017-இல் 97 வயதில் காலமானார். பீட்டர்சனுக்கு ஒட்டாவாவில் சிலை இருக்கிறது, 2010-இல் எலிசபெத் மகாராணி வந்து திறந்து வைத்தார். எல்லாம் சரி. அக்கா?

பீட்டர்சன் 1978-இல் மண்டபத்தில் ஏறியது முழுத் தகுதியோடு. அதில் எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் ஒரு நாட்டின் இசையைக் கௌரவிக்கிறோம் என்று சொல்லிவிட்டு, இசைத்தட்டு போட்டவரை மட்டும் பார்ப்பது அரைக் கண்ணால் பார்ப்பது. ஊரில் ஒரு நாதஸ்வரக்காரரைப் பற்றிப் பேசினால் முதலில் 'யாரிடம் படித்தவர்' என்றுதானே கேட்போம்.

கோவை பாலா

மதி அக்கா சொன்னது நியாயம். ஆனால் மேடைக்குப் பின்னால் இருப்பவர்களை மண்டபம் முழுக்க ஒதுக்கவில்லை. டேவிட் ஃபாஸ்டர், புரூஸ் ஃபேர்பெய்ர்ன், டேனியல் லான்வா, பாப் எஸ்ரின், பாப் ராக் எல்லோரும் தயாரிப்பாளர்கள், பத்து வருடத்துக்குள் வரிசையாக உள்ளே வந்தவர்கள். எஸ்ரின் பிங்க் ஃபிளாய்டோடு வேலை செய்தவர், ராக் மெட்டாலிகாவோடு. உலகத்தின் பாதி ராக் ஆல்பங்களின் ஒலியைத் தீர்மானித்ததில் கனடாக்காரர்களின் காது இருக்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காருகிறவரைச் சேர்க்க முடியும் என்றால், பியானோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரையும் சேர்க்க முடியும்.

கண்ணன், ரோலிங் ஸ்டோன்ஸின் நடமாடும் ஒலிப்பதிவு வண்டி ஸ்டூடியோ பெல்லில்தான் இருக்கிறது என்று படித்தேன். உண்மையா?

கல்கரிக் கண்ணன்

உண்மை, பாலா. லெட் செப்பலின், டீப் பர்ப்பிள் எல்லோரும் எழுபதுகளின் தொடக்கத்தில் பதிவு செய்த அதே லொறி. கிங் எட்வர்ட் ஹோட்டல் பக்கம் நிற்கிறது. உள்ளே இரண்டு பேர் நிம்மதியாக நிற்கக்கூட இடம் இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பொத்தான்களும் திருகுகளும். நீங்கள் வந்தால் உங்களை வெளியே கூட்டிவருவது கஷ்டம்.

மதி அக்காவின் பதிவை இரண்டு தடவை வாசித்தேன். அதற்குத் திரும்ப வருகிறேன். இப்போது நான் தள்ளிவைத்த விஷயம்.

பாடகி பஃபி செயின்ட்-மரியை 1995-இல் மண்டபத்தில் சேர்த்தார்கள். க்ரீ பழங்குடிப் பெண் என்று அறுபதுகளில் இருந்து அறியப்பட்டவர். 2023 அக்டோபரில் சிபிசி தொலைக்காட்சி அவருடைய பிறப்புச் சான்றிதழை முன்வைத்து, அவர் மாசசூசெட்ஸில் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர் என்று செய்தி வெளியிட்டது. 2025 தொடக்கத்தில் அவருக்கு நாடு கொடுத்திருந்த உயர் கௌரவமான ஆர்டர் ஆஃப் கனடா ரத்தானது. அந்த மார்ச்சில் காரஸ் அவருடைய ஜூனோ விருதுகளையும் மண்டப இடத்தையும் திரும்பப் பெற்றது. தான் கனடியக் குடிமகள் இல்லை என்று அவரே சொல்லியிருந்ததையும், காரஸின் பழங்குடி இசை ஆலோசனைக் குழுவோடு கலந்து பேசியதையும் அப்போது காரணமாகக் குறிப்பிட்டார்கள்.

முப்பது வருடம் சுவரில் இருந்த பெயர். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கௌரவத்தைத் திரும்பப் பெற்றது சரி. ஆனால் பெயரைத் துடைத்துவிட்டு, எதுவுமே நடக்காதது போல அடுத்த ஆண்டுக்குப் போகக்கூடாது. சேர்த்தோம், இந்தக் காரணத்துக்காக எடுத்தோம் என்று அங்கேயே எழுதி வைக்க வேண்டும்.

வன்னியூரான்

எனக்கு உடன்பாடு இல்லை. சஸ்காட்செவனில் க்ரீ இனத்துப் பியபாட் குடும்பம் அவரை மகளாகத் தங்கள் வழக்கப்படி ஏற்றுக்கொண்டது. பழங்குடி மக்களுக்காக அவர் பாடினதும் உண்மை, போராடினதும் உண்மை. பெற்ற தாய் யார் என்பதை வைத்துப் பாட்டைத் தள்ளலாமா?

தாளக்கட்டு

அங்கிள், பாட்டை யாரும் தள்ளவில்லை. கேட்கலாம், எடுத்துப் பாடலாம். பழங்குடிக் கலைஞர்களுக்கென்று 1994-இல் இருந்து ஜூனோவில் தனிப் பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவிலும் அவர் விருது வாங்கியிருக்கிறார். எத்தனையோ காலம் யாரும் மைக் கொடுக்காத ஆட்களுக்கு வைத்த ஒரு சின்ன இடம் அது. அந்த வருடம் அந்த விருது யாருக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவர்களுடைய வீட்டில் இருந்து யோசித்தால் இது பெரிய இழப்பு. தத்தெடுத்த குடும்பத்தின் அன்பு வேறு விஷயம், அதை யாரும் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது.

நிலாமுற்றம்

தாளக்கட்டு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் காரஸ் குடியுரிமையை முன்னால் வைத்ததுதான் எனக்கு நெருடுகிறது. மண்டபத்துக்குள் 1989-இல் வந்த த பேண்ட் குழுவைப் பாருங்கள். ஐந்து பேரில் நாலு பேர் ஒன்ராறியோக்காரர்கள். டிரம்ஸ் வாசித்து, அவர்களின் புகழ்பெற்ற பாடல்களில் பலவற்றைப் பாடிய லெவோன் ஹெல்ம் அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்தவர். அவர் இல்லாமல் அந்தக் குழுவே இல்லை. 1996-இல் சேர்ந்த ராக் பாடகர் ஜான் கே அப்போதைய ஜெர்மனியின் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்து, போருக்குப் பிறகு தப்பி, சிறுவனாக டொரண்டோ வந்தவர். இவர்களை எல்லாம் தாராள மனதோடு நம்மவர் என்று ஏற்ற மண்டபம், அந்தத் தாராளத்தில் தவறு செய்யவில்லை.

செயின்ட்-மரி விஷயத்தில் பிரச்சினை பாஸ்போர்ட் இல்லை. பழங்குடி அடையாளம்தான். அதை நேராகச் சொல்லியிருந்தால் பழங்குடி மக்களுக்கும் மரியாதையாக இருந்திருக்கும், நாளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டோடு இங்கே வாழ்ந்து இசை செய்கிற ஒருவருக்கும் சிக்கல் வராமல் இருந்திருக்கும்.

மொன்றியல் மதி

நிலா, இதைத்தான் நான் சொல்ல முடியாமல் இருந்தேன். நன்றி.

வன்னியூரான் அண்ணை, உங்கள் மனது விளங்குகிறது. ஆனால் மண்டபத்துக்கு வருகிற பழங்குடிப் பிள்ளை ஒன்று அந்தச் சுவரைப் பார்த்து என்ன நினைக்கும் என்பதையும் பாருங்கள். அதனால்தான் கண்ணன் சொன்ன வழி எனக்குப் பிடிக்கிறது. பெயரை எடுத்த இடத்தில் காரணம் இருக்க வேண்டும்.

வன்னியூரான்

பாஸ்போர்ட் காரணம் பிழை என்பதில் நான் நிலாவோடு நிற்கிறேன். மற்றதில் என் நிலைப்பாடு அதேதான், பிள்ளை. அவரை எடுத்திருக்க வேண்டாம்.

ஆனால் இன்னொரு சங்கதி சொல்ல வேண்டும். 2016 ஓகஸ்ட் 20. த டிராஜிக்கலி ஹிப் குழுவின் கடைசிக் கச்சேரி, கிங்ஸ்டனில். பாடகர் கோர்ட் டவுனிக்கு மூளையில் புற்றுநோய் என்று நாட்டுக்கே தெரியும். சிபிசி விளம்பரம் இல்லாமல் முழுக்க ஒளிபரப்பியது. 1 கோடியே 17 லட்சம் பேர் பார்த்தார்கள், கேட்டார்கள் என்று கணக்கு. நாட்டில் மூன்றில் ஒரு பங்கு சனம். எங்கள் வீட்டிலும் பார்த்தோம். அந்த மேடையில் நின்றுகொண்டு, எதிரே பிரதமர் இருக்கும்போது, வடக்கே உள்ள பழங்குடி மக்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று டவுனி கேட்டார். சாகப் போகிற மனுசன் தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை.

அமெரிக்காவில் இந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். 2005-இலேயே மண்டபத்தில் சேர்த்துவிட்டார்கள். அந்த ஒரு தெரிவுக்காக நான் அந்த அமைப்பை மதிக்கிறேன்.

கோவை பாலா

அந்தக் கச்சேரியை நான் பிறகுதான் பார்த்தேன், ஐயா. கடைசிப் பகுதியில் அவர் மைக்கை விட்டுத் தள்ளிநின்று அழுகிற இடத்தில் நிறுத்திவிட்டேன், அன்றைக்கு அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

எல்லைக்கு வெளியே யாருக்கும் தெரியாமல் இருந்தும் ஒரு நாட்டுக்கு உயிராக இருக்க முடியும் என்பதற்கு ஹிப். வெளியே போய்விட்டும் ஊரைச் சுமக்க முடியும் என்பதற்கு ஜோனி. இரண்டு பேருக்கும் ஒரே சுவரில் இடம் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

நிலாமுற்றம்

பெண்களைப் பற்றி யாரும் பேசவில்லை. 1978 முதல் 1990 வரை 13 ஆண்டுகளில் தனியாகச் சேர்க்கப்பட்ட பெண்கள் இரண்டே பேர்: 1981-இல் ஜோனி மிச்சல், 1990-இல் மாலர் என்ற இசையமைப்பாளரின் பாடல்களுக்குப் பேர்போன மொரீன் ஃபாரஸ்டர். ஆன் மரி 1970-இல் இருந்தே நாட்டின் வானொலியை ஆண்டவர், ஜூனோ விருதுகளில் 24 வாங்கி யாரும் தொடாத இடத்தில் இருப்பவர். அவரைச் சேர்த்தது 1993-இல். அதற்கு ஒன்பது வருடம் முன்னாலேயே க்ரூ கட்ஸ் உள்ளே போயாயிற்று. அந்த வரிசையை என்னால் ஏற்கவே முடியவில்லை.

தாளக்கட்டு

அடுத்து யார் என்பதையும் பேசுவோம். 2025 ஜூனோவில் தெற்காசிய இசைக்கென்று முதன்முறையாகத் தனிப் பிரிவு வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடம் பஞ்சாபிப் பாடகர் கரண் ஔஜ்லா ரசிகர் தெரிவு விருதை வாங்கியிருந்தார். பஞ்சாபிப் பெடியள் பிராம்ப்டனிலும் சர்ரேயிலும் இருந்து தாங்களே வழி போட்டு வந்தார்கள், யாரும் கதவைத் திறக்கும் வரை காத்திருக்கவில்லை. நம்முடைய பக்கத்தில் மிருதங்கம் வாசிக்கிற யாஞ்சனும், யாழ்ப்பாணத்தில் பிறந்த ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் சேர்ந்து மிருதங்கத்துக்கு மேல் ராப் வைத்தார்கள். தனி ஆவர்த்தனத்தை முடிக்கிற சொற்கட்டான மோராவுக்கு ஆங்கில வரி அச்சாக உட்கார்ந்ததை முதன்முதலில் கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். என் ஆசிரியருக்குப் போட்டுக் காட்டினேன். தொடையில் தாளம் போட்டபடி கேட்டார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார்.

மண்டபம் என்பது நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு, அதனால் இப்போதே கேட்கவில்லை. ஆனால் ராப்புக்கு ஆன 33 வருடம் நமக்கும் ஆகக்கூடாது.

கல்கரிக் கண்ணன்

நிறையப் பேர் நிறையச் சொல்லிவிட்டீர்கள். என்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நான் இங்கேயே இருக்கிறேன். ஸ்டூடியோ பெல்லுக்கும் காரஸுக்கும் ஒரு கடிதம் எழுதப் போகிறேன். மூன்று கோரிக்கை: தெரிவு செய்யும் அளவுகோலை மண்டபத்திலேயே பார்வைக்கு வையுங்கள்; எடுத்த பெயருக்கும் காரணம் எழுதி வையுங்கள்; ஒவ்வொரு கலைஞருக்கும் பக்கத்தில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரைப் போடுங்கள்.

மூன்றாவதற்கு முன்மாதிரியாகப் பீட்டர்சனின் குறிப்பை நாமே எழுதிக் கொடுக்கலாம். மதி அக்கா, தமிழில் எழுதித் தாருங்கள். நானும் தாளக்கட்டும் ஆங்கிலத்துக்கு மாற்றுகிறோம். பிரெஞ்சு உங்கள் பொறுப்பு.

வன்னியூரான்

கடிதத்தில் என் பெயரையும் போடுங்கள். இரண்டாவது கோரிக்கைக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எடுத்ததே பிழை என்று நினைக்கிற எனக்கு, காரணத்தை எழுதி வைக்கச் சொல்லிக் கேட்க அதிக உரிமை இருக்கிறது.

மொன்றியல் மதி

எழுதிவிட்டேன். கூட்டிக் குறைக்க வேண்டும் என்றால் சொல்லுங்கள்.

'ஆஸ்கர் பீட்டர்சன், 1925–2007. மொன்றியலின் லிட்டில் பர்கண்டியில் பிறந்தவர். ரயில்வே தொழிலாளியான அப்பா வீட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் இசை படிக்க வைத்தார். பியானோவில் முதல் ஆசிரியர் அக்கா டெய்சி ஸ்வீனி. பிறகு பால் டி மார்க்கி, ஹங்கேரியில் இருந்து வந்து மொன்றியலில் குடியேறியவர், பியானோ மேதை லிஸ்ட்டின் மாணவரிடம் பாடம் கேட்டவர். டெய்சி ஸ்வீனி (1920–2017) லிட்டில் பர்கண்டியின் பிள்ளைகள் பலருக்குப் பியானோ கற்பித்தார். அவருடைய மாணவர்களில் ஒருவர் ஆலிவர் ஜோன்ஸ்.'

நிலாமுற்றம்

அக்கா, ஒன்று மட்டும். டெய்சியின் பெயரை ஆஸ்கரின் பெயருக்கு இருக்கிற அதே எழுத்தளவில் போடச் சொல்லி, கண்ணன் கடிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

கல்கரிக் கண்ணன்

சேர்த்துவிட்டேன்.